பட்டாசு எழுந்திருக்காத நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். விசைப்பலகையில் விரல் இறங்கினால் சரவெடிதான். பிறவியிலேயே பார்வை கிடையாது. பதிவான நீதிமன்ற விசாரணைகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்வது வேலை. அடித்ததை அவளுடைய லினக்ஸ் கணினியின் திரைவாசிப்பான் அதே ஹெட்போனில் வாசித்துக் காட்டும். குடும்பத்தின் முதல் பட்டதாரி. படித்துப் பிடித்த நாற்காலி அது.

ஒரு நாள் பதிவுகளைக் கேட்கப் புதுச் செயலி வந்தது. திறந்தால் பதிவு பேசியது, திரைவாசிப்பான் வாயடைத்துப்போனது.

மேலாளர் ஒலியைக் கூட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "கொஞ்ச நாளைக்கு ஃபோன் எடுக்கிற சீட்ல உக்காரும்மா. மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் ஓடுதாம்."

"மத்தவங்களுக்கு ஒரு சத்தம் போதும் சார். எனக்கு ரெண்டு வேணும்."

"பிடிவாதம் பண்ணாதம்மா."

"எந்திரிச்சவளுக்கு நாற்காலி திரும்பக் கிடைச்ச கதை ஒண்ணு சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

அவர் போய்விட்டார். பக்கத்து இருக்கைப் பெண் தன் யூஎஸ்பி ஹெட்செட்டை நீட்டினாள். திரைவாசிப்பானை அதற்குத் திருப்பியதும் பேச்சு வந்தது.

"இதையும் சேத்து மாட்டிக்கோங்கக்கா, தீந்துச்சு."

"ஒரு தலைக்கு ரெண்டு கிரீடமா? போடி."

ஆனால் குற்றவாளி செயலிதான் என்று புரிந்துவிட்டது. செயலியின் கோப்புறைக்குள் நுழைந்து தேடினாள். சத்தத்தை ஹெட்போனுக்கு அனுப்பும் நிரல் நூலகம் கணினியிலேயே இருக்க, செயலி தன் பங்குக்கு அரதப்பழசு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. அதற்குப் பகிரத் தெரியாது. ஒலிவழி முழுவதையும் தானே பிடித்துக்கொண்டது.

"விருந்துக்கு வந்தவன் அடுப்பையும் தூக்கிட்டு வந்திருக்கான்டி. அதை வழிய மறிச்சு நம்ம வாசப்படியிலயே போட்டு வச்சிருக்கான்."

"அக்கா, எதையும் தொடக்கூடாதுன்னு செயலி செஞ்ச கம்பெனில சொல்லியிருக்காங்க."

"வேலை போகப்போறது அவங்களுக்கா, எனக்கா?"

அந்தப் பழைய நூலகக் கோப்பின் பெயரை மாற்றினாள். செயலியை மறுபடி திறந்தாள். அது தன்னுடையதைத் தேடி, காணாமல், கணினியுடையதையே எடுத்துக்கொண்டது. ஒரே ஹெட்போனில் சாட்சியும் பேசினார், திரைவாசிப்பானும் பேசியது.

விசைப்பலகையின் வெடிச்சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். விஷயம் தெரிந்ததும் பதறினார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"நாளைக்குக் காலைலயே மெயில் போட்டுடுறேன் சார். எடுத்தது நான்தான்னு பட்டத்தோட பேர் போட்டு."

"அடுத்த அப்டேட்ல திரும்ப வந்துடுமேம்மா!"

"வரட்டும். நானும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

வந்தது. ஒவ்வொரு அப்டேட்டிலும் வருகிறது. அவள் எடுத்துக்கொண்டேயிருக்கிறாள். ஃபோன் சீட்டுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.