கப்பல் பார்க்கும் அருமைநாயகம்

எந்த வீட்டுக்குப் போனாலும் அருமைநாயகம் உட்காருவதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துவிடுவார். கொண்டுவந்த காப்பி ஆறிக் கிடக்கும். அவர் சுவரிலுள்ள பழைய போட்டோவில் மூக்கு உரச நிற்பார். தாத்தா, பாட்டி முகமெல்லாம் அவருக்கு அவசியமில்லை. பின்னாலிருக்கும் திரைச்சீலையில் கப்பல் உண்டா என்பதே விஷயம்.

"அந்தக் காலத்துக் கேமராவுல ஓடுத கப்பல் பதியாது, கலங்கிப் போவும். அதனால ஸ்டூடியோக்காரன் துணியில பாய்க்கப்பல வரைஞ்சு தொங்கவிட்டான். ஆனா சும்மா வரையல்ல, கேட்டியளா?" என்பார். பாய் விரிந்திருந்தால் ஆள் ஊர்சுற்றி. சுருட்டியிருந்தால் போனவர் திரும்பிவந்து அடங்கிவிட்டார். இரண்டு கப்பல் என்றால் இரண்டு குடும்பம். நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோடு இருந்தால் அதற்கொரு பொருள் வேண்டும் அவருக்கு. வேளிக் காயலில் படகுச் சவாரிக்குக் கூப்பிட்டால் மட்டும் எல்லோருடைய செருப்புக்கும் காவலாகக் கரையிலேயே நின்றுவிடுவார்.

மகள் ஸ்நேகாவுக்குப் போன வருஷம் பேயாடு என்ற ஊரில் பேசிய சம்பந்தம் அந்த இரண்டு கப்பலில்தான் மூழ்கியது. மாப்பிள்ளையின் தாத்தா படத்தைப் பார்த்து, "இவருக்கு வேற எடத்துலயும் ஒரு வீடு உண்டும்" என்று சொல்லிவிட்டார். பொய்யாக இருந்திருந்தால் அவர்கள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

இப்போது நேமத்தில் ஆதர்ஷ் வீடு. ஸ்நேகாவே விரும்பிய பையன். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் மனைவி ரத்னாபாய் ஜெபம்போல் சொல்லிக்கொண்டே வந்தாள்: "கப்பலப் பத்தி வாயத் தொறந்தியன்னா, பின்ன நான் வீட்டுக்கு வரமாட்டேன், பாத்துக்கிடுங்க."

கூடத்தில் ஆதர்ஷின் பூட்டனார் படம். கால் தானாக நடந்தது. கண்ணாடி தானாகக் கைக்கு வந்தது. பூட்டனாருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று கப்பல்கள். மூன்றிலும் பாய் புடைத்து நின்றது. நாற்பது வருஷமாகச் சுவர் சுவராகத் தேடியும் மூன்று கப்பலை அவர் ஒருசேரக் கண்டதில்லை. சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது.

"என்னவாக்கும் சார் நோக்குதிய? அதுல எந்தெங்கிலும் விசேஷம் உண்டா?" என்று கேட்டார் ஆதர்ஷின் அம்மா.

ரத்னாபாய் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். ஸ்நேகா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றார் அருமைநாயகம். பூதக்கண்ணாடியை வாயருகே கொண்டுபோய் நன்றாக ஊதினார். பிறகு, ஆவி படிந்து வெளுத்துப்போன அந்தக் கண்ணாடியைத் துடைக்காமலே படத்துக்கு நேராகப் பிடித்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.