காமெடி பண்ணாதே

காமெடி என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு மூலம் கிரேக்கம் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் போனில் தேடிச் சொன்னாள். திருவிழா நாளில் குடித்துக் கூத்தடித்து, பாடிக்கொண்டு தெருவில் போவதிலிருந்து வந்ததாம். அடேங்கப்பா, அப்படியானால் எங்கள் மரக்காணத்துக் குப்பத்திலிருந்துதான் கிரேக்கத்துக்குப் போயிருக்கும். ஆனால் இங்கே சிரிக்கிறவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை, எரிச்சலில் இருப்பவர்கள்தான் சொல்வார்கள். ஏமாற்றாதே, விளையாடாதே, வேலையைப் பார் எல்லாமே 'காமெடி பண்ணாதே'யில் அடக்கம். அதை அதிகம் கேட்ட காது என்னுடையது. ஊரில் எனக்குக் காமெடி பீஸ் என்றே பெயர்.

ஒருமுறை கடலிலிருந்தே மனைவிக்குப் போன் செய்து, வலை நிறைய வஞ்சிரம் என்றேன். ஆட்டோவும் ஐஸுமாக அவள் கரையில் வந்து நின்றாள். வலையில் இருந்தது ஒரு பிய்ந்த செருப்பு. அன்று வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது.

போன வருஷம் நானும் அவள் தம்பியும் மீனுக்குப் போயிருந்தபோது படகு இன்ஜின் நின்றுவிட்டது. காற்று எங்களைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. மச்சான் போன் நனைந்து செத்துவிட்டது, என்னுடையதில் சார்ஜ் கொஞ்சம்தான். கூட்டாளிகளுக்கு அடித்தேன், சிரித்துவிட்டு வைத்தார்கள். மனைவிக்கு அடித்தேன். அவள் உப்பளத்து ஆட்களிடம் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

"யோவ், வியாபார நேரத்துல காமெடி பண்ணாத. வை போன."

மச்சானைப் பேசச் சொன்னேன். "உன்னையும் கூட்டு சேத்துக்கினானா?" என்று கட் பண்ணிவிட்டாள்.

கரை மெல்லிய கோடாகிவிட்டது, மச்சான் சாமி பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். கடைசியாக ஒருமுறை அவளுக்கே அடித்தேன். என்ன சொல்லி நம்பவைப்பது என்று தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"சாப்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. "எங்க இருக்கற?" என்றாள். குரல் மாறியிருந்தது. இடத்தைச் சொல்லி முடித்ததும் போன் அணைந்துவிட்டது.

மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டுக் குப்பத்துக்கு ஓடியிருக்கிறாள். அவள் அனுப்பிய படகு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. நடந்ததைக் கேட்டு ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீ எவ்ளோ வேணா காமெடி பண்ணிக்கோ. சாப்டியான்னு மட்டும் இனிமே கேக்காத."