கோலைக் கீழே வைத்த பெண்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு டிவியில் மாலைதோறும் ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடும். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண், ஊருக்கு ஆபத்தென்றால் மந்திரக்கோலைச் சுழற்றுவாள். பாட்டு ஒலிக்கும், ரிப்பன் பறக்கும், உடை மாறும், பூதம் சாம்பலாகும். தமிழ் பேச வைத்தவர்களின் புண்ணியத்தில் அவள் பூதத்தைக்கூட ‘தாங்கள்’ என்றே மிரட்டுவாள். நானும் சாச்சியும் ஒருநாள் தவறாமல் பார்ப்போம்.

சாச்சி என் அத்தாவின், அதாவது அப்பாவின், தம்பி மனைவி. ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் கல்யாணமாகி வந்தார். சாச்சா துபாயில் இருந்தார். கார்ட்டூன் பார்க்கிறவர் என்பதால் சாச்சியைச் சின்னப் பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான்.

ஒருநாள் அந்தக் கார்ட்டூன் கெட்டுப்போனது. எதிரே பூதம், பாட்டும் தொடங்கிவிட்டது. கோலைத் தூக்கிய பெண் அப்படியே நின்றாள். “இந்த வேலைக்குச் சம்மதமா என்று என்னை யாருமே கேட்கவில்லையே” என்றாள். பாட்டு நின்றது. கோலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று பூதத்துக்கே தெரியவில்லை.

“அழுகுணி ஆட்டம் சாச்சி! டிரெஸ்ஸே மாறல!” என்று நான் கத்தினேன். சாச்சியோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சாச்சிக்கு விசா வந்தது. அத்தா புதுப் பெட்டி வாங்கி வந்தார். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இனிப்பு போனது. இரவுச் சாப்பாட்டின்போது டிக்கெட் போடுவதைப் பற்றி அத்தா பேசிக்கொண்டே போக, சாச்சி சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

“என்னைய யாருமே கேக்கலையே. நான் படிப்ப முடிக்கணும்.”

நான் துள்ளினேன். “ஐ! அந்தப் பொண்ணு மாதிரியே சொல்றாங்க!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “கண்ட கார்ட்டூனையும் பாத்தா இப்படித்தான் பேச்சு வரும்” என்று அத்தா எழுந்துபோய் ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு உலகமே இருண்டது.

குழம்புக் கரண்டியோடு நின்றிருந்த அம்மா, “அவள ஒரு வார்த்த கேட்டுத்தான் பாருங்களேன்” என்றார். அம்மா அத்தாவுக்கு மறுவார்த்தை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அதன்பிறகு சாச்சி தினமும் அறைக்குள் போனில் பேசினார். சில நாள் அழுகைச் சத்தம் கேட்டது. ஒருநாள் சிரிப்பும் கேட்டது. கடைசியில் சாச்சா அத்தாவையே அழைத்து, “முடிக்கட்டும்ண்ணே. விசா பொறவு எடுத்துக்கலாம்” என்றாராம். அத்தா சில நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் விடுதிக்குக் கிளம்பிய அன்று சாச்சியின் சாமான்களைத் தூக்கிப் பேருந்தில் ஏற்றியவரும் அவர்தான். ஏற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

பேருந்து மன்னார்குடிச் சாலையில் மறைந்த பிறகும் அம்மா நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“என்னம்மா, கால் வலிக்குதா?”

“ஆமா புள்ள, வலிதான்.”

நான் நம்பினேன். அம்மாவின் படிப்பு பத்தாவதோடு நின்றது எனக்குத் தெரியும். அது நின்றதா, நிறுத்தப்பட்டதா என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.