ஆடுகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை

தெருவில் எல்லோருக்கும் அவள் ஆட்டுக்காரி. பால் நிலையத்தில் கேன் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், பிழைக்காது என்று யாரோ கைவிட்ட பெட்டைக்குட்டி ஒன்றைத் தூக்கிவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அது ஈன்று, அதன் குட்டிகளும் ஈன்று, கொட்டில் நிறைந்தது. முப்பது தாண்டியும் கல்யாணப் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சைக்கிள் கடைக்காரன் பெண் கேட்டு வந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ஆடுங்க என்னோடது. கல்யாணத்துக்கு அப்புறமும் என்னோடதுதான். சம்மதமா?"

"எனக்கு பஞ்சர் ஒட்டத்தான் தெரியும். ஆட்டை நீங்களே வச்சுக்கோங்க," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமும் முடிந்தது; ஆடுகளும் அவளோடு புருஷன் வீட்டுக்கு வந்தன.

இந்தப் பேச்சு மாமனார் காதுக்கு எட்டவில்லை போலிருக்கிறது. ஒருநாள் அவள் தழைக்கட்டோடு திரும்பினால், கொட்டிலில் கறிக்கடைக்காரர் கொழுத்த ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மாமனார்.

"என்ன மாமா இது?"

"கூரை ஒழுகுதும்மா. ரெண்டைத் தள்ளிவிட்டா மாத்திடலாம். நம்ம வீட்டு ஆடுதானே?"

"கல்யாணம் எனக்குத்தான் மாமா ஆச்சு. ஆடுங்களுக்கு ஆகல."

கறிக்கடைக்காரர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா, யாரு ஆடு?"

அப்பா முன்னால் வாயே திறக்காத பிள்ளை அவன். "அவளோடதுதாண்ணே. அவகிட்டயே கேளுங்க."

"கூரைக்குன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் மாமா. கேக்காம தொடாதீங்க," என்றாள் அவள். மறுவாரம் தானே ஒரு கிடாயை விற்றுக் கூரையையும் மாற்றினாள். அப்படியும் மாமனார் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒரு மழை நாளில் கொட்டிலுக்கு வெளியே சினை ஆடு ஈன முடியாமல் கத்தியது. வீட்டில் மாமனாரைத் தவிர வேறு ஆளில்லை. அவள் கூப்பிடுவதற்குள் குடையோடு ஓடிவந்தார். குடையை ஆட்டுக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்தார். மடங்கிக் கிடந்த குட்டியின் காலை அவள் மெல்ல நேராக்கி இழுத்தாள். வந்து விழுந்த குட்டியை அவர் தன் துண்டாலேயே துடைத்தார்.

"இது உங்களுது மாமா," என்றாள்.

"வீட்டுக்கா?"

"உங்களுக்கு. உங்களுக்கு மட்டும்."

"அப்பா இருந்தவரைக்கும் எல்லாம் அவரோடது. அப்புறம் அண்ணனோடது. எனக்குன்னு ஒரு கோழிக்குஞ்சுகூட இருந்ததில்லம்மா."

அன்றிலிருந்து அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மகன் அந்தக் குட்டியைத் தொட்டாலே, "என்னைக் கேட்டியா?" என்று பாய்ந்தார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "அப்போ எனக்கு?" என்று இடுப்பில் கை வைத்தாள். அவளுக்குக் கோழிகள் வந்தன. முட்டையை அவளைக் கேட்காமல் யாரும் எடுக்கக் கூடாது என்பது சட்டமாகிவிட்டது.

"உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று ஆட்டுக்காரி புருஷனைக் கேட்டாள்.

"சைக்கிள் நிறுத்த ஒரு மூலை," என்றான் அவன், சீட்டின் மேல் ஏறி நின்ற சேவலை விரட்டிக்கொண்டே.