முருங்கைக் கம்பும் இருபது கைப்பிரதியும்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்... எந்த 'ர', எந்த 'ற' என்று இன்னும் தடுமாற்றம்தான். வாரா வாரம் இந்தப் பத்தியைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கும் தங்கச்சிக்கு இந்த வாரமும் சிரமம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் சபையில் போதகர் ஆளுக்கு இருபது கைப்பிரதி கொடுத்தார்; ஒவ்வொன்றும் ஒரு பைபிள் கதை அச்சடித்த மடிப்புத் தாள். "அக்கம்பக்கத்துல இயேசுவப் பத்திப் பேசுங்க" என்றார்.

பேசுவதா? நானா? டவுன் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிற ஆள் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தறியும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டமும்தான்.

தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் சுடலைமுத்து அண்ணாச்சி. பூ வியாபாரம். பதினைந்து வருஷமாக அந்தச் சுவர்தான் எங்களுக்கு டீக்கடை. கத்தரிச் செடியில் பூச்சி முதல் கரண்ட் கட் வரை பேசுவோம். சாமி மட்டும் பேச்சில் வந்ததில்லை.

அவர் முருங்கைக் கம்பு கேட்டிருந்தார். வெட்டிக் கொடுத்தேன். கூடவே ஒரு கைப்பிரதியையும் நீட்டினேன். வாய் திறக்காமலே ஊழியம் முடிந்தது!

அதோடு சும்மா இருந்தேனா? மறுநாள் கேட்டேன்: "வாசிச்சீங்களா அண்ணாச்சி?"

"பாக்கேன் வே."

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் அவர் சுவர்ப் பக்கமே வரவில்லை.

ஒரு வாரம் போயிற்று. "தாளக் கொடுத்து மனுசனத் துரத்திட்டீங்களே" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதம் மாற்றப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டாரோ? பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு தாளில் போய்விடுமா?

போன சனிக்கிழமை மழை விட்டதும் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி இல்லை. சுவரோரமாகக் கம்பை நட்டு, நுனி காயாமலிருக்கச் சாணி உருண்டையைத் தொப்பி மாதிரி வைத்திருந்தார். துளிர் ஒன்றும் இல்லை. வேராவது பிடித்திருக்கிறதா? கையை நீட்டி லேசாக ஆட்டிப் பார்த்தேன்.

"ஏ வே! கைய எடும்!"

அடுப்படி வாசலில் அண்ணாச்சி. "தோட்டக்காரர்னு பேரு. இப்படி ஆட்டுனா எங்கன வே வேரு பிடிக்கும்?"

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி..."

"கம்ப இன்னைக்கு ஆட்டுதீரு. என்னைய மூணு நாளா ஆட்டுனீரே!"

தொலைந்தது என்று நினைத்தேன். "கோவமா அண்ணாச்சி?"

"கோவம் என்ன கோவம்." உள்ளே போய் அந்தத் தாளை எடுத்து வந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. "எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது வே. நீரு தினமும் வாசிச்சீங்களா, வாசிச்சீங்களான்னா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கன வந்து நிக்க?"

அப்பாடா! நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

(இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதும் வே. நானா வாசிக்கப் போறேன்?" என்றார்.)

"நீரே வாசியும்" என்று தாளை நீட்டினார். பேசப் பயந்து தாளைக் கொடுத்தவனிடமே தாள் திரும்பி வந்துவிட்டது! எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வர, அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் கதை.

"ஒரு அறைகூட விடலியா அந்த அப்பன்?"

"இல்ல அண்ணாச்சி."

"ம்..."

அவர் மகன் திருப்பூரில் இருக்கிறான். இரண்டு வருஷமாக அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. எனக்குத் தெரியும். ஏதோ சொல்ல வேண்டும் போல் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கையையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"இன்னும் தாள் இருக்கா வே?"

"பத்தொம்பது இருக்கு."

"ஒண்ணு ஒண்ணா வாசியும். அவசரமில்ல."

நட்டு வைப்பது நம் வேலை. தண்ணீர் ஊற்றுவதும் நம் வேலை. வேர் விடுவது கம்பின் பாடு, கடவுளின் பாடு — இது தோட்டத்தில் எனக்கு எப்போதோ தெரியும். சுவரோரம் நிற்கும்போதுதான் மறந்துபோகிறது.

கம்பு துளிர்த்ததா, அண்ணாச்சி மகனுக்குப் போன் போட்டாரா என்றுதானே கேட்கிறீர்கள்? நான் கேட்கவில்லை.

ஒரு வழியாக எழுதி முடித்தது: ஐப்பசி பத்து, செவ்வாய்க்கிழமை.