படலையில் நின்ற ஜீப்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நடுப்பகுதியில், பண்டத்தரிப்பில் இருந்த நாங்கள் ஒரு பழைய ஜீப் வாங்கினோம். சண்டையும் தடையுமாக, பெற்றோலைக் கண்ணால் காணக் கிடைக்காத காலம் அது. வாகனம் வைத்திருந்தவர்களே ஓட்ட வழியில்லாமல் மாட்டுக்கொட்டிலுக்குள் விட்டு மூடிவைத்திருந்தபோது, என் கணவருக்கு மட்டும் வாகன ஆசை வந்தது. "ஊரை விட்டு ஓடவேண்டி வந்தால் உம்மையும் பிள்ளையையும் சைக்கிளிலை வைச்சோ ஓடுறது?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். லேசில் வாயடங்கிப்போகிற ஆள் இல்லை.

தரகர் ஒருவர் அதைச் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தார். நீளமான உடம்பு. பின்பக்கத்தில் எதிரெதிராக இருக்கவேண்டிய இருக்கைகளைக் காணவில்லை, வெறும் பலகைத் தளம்தான். ஏன் என்று கேட்டேன். "அது வசதியல்லோ ரீச்சர்? ஒரு ஆள் நீட்டி நிமிந்து படுக்கலாம்" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. வாகனம் அசைந்தாலே தூங்கிவிடுகிற பிள்ளை. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜீப்போடு குடும்பம் நடத்துவது சும்மா வேலையில்லை. காபரேற்றருக்குள் இங்க் பில்லரால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்யவேண்டும், பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். வெள்ளைப் புகை தெருவை மூடிவிடும். கதவு, கண்ணாடி, கூரை எல்லாமே கிடுகிடுக்கும். பின் கதவு மட்டும் தொட்டவுடன் ஒரு சத்தமும் இல்லாமல் திறந்துகொள்ளும். அதன் பிணைச்சலுக்கு யாரோ நாள் தவறாமல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மூடிக்கிடந்த நாட்களில் உள்ளே ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் மணக்கும். முந்தைய சொந்தக்காரர் சோக்கான மனிதர்போல என்று நான் கணவரைச் சீண்டுவேன். அவரோ மாதத்தில் ஒரு நாள் வேட்டியை மாற்றுகிற ஆள்.

வாங்கி ஒரு மாதம் கழித்துச் சாவகச்சேரியில் இருந்த என் அக்காவைப் பார்க்கப் புறப்பட்டோம். ஹெலிகொப்ரர் தெருவில் போகிற வாகனங்களைச் சுடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. மற்றவர்கள் கூரையில் தென்னோலையைக் கட்டி மறைத்துக்கொண்டு போவார்கள். என் கணவர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ஒளித்துப் போனால்தான் சந்தேகம் வருமாம், வெள்ளையைக் கட்டினால் பொதுசனம் என்று தெரியுமாம். கூரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டினார். முன்பக்கத்திலும் ஒரு துண்டைக் கட்டினார்.

அரியாலை தாண்டியதும் தெருவில் ஏதோ மாதிரி இருந்தது. எங்களைக் கண்டு சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். ஒரு கடைக்காரர் கதவைப் பாதி சாத்தினார்.

"பாத்தீரே, எங்களுக்கு என்ன மரியாதை எண்டு!" என்று என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவுமில்லை, எல்லோர் பார்வையும் ஜீப்பின் பின்பக்கத்தில் இருந்தது.

பின்னேரம் திரும்பி வரும்போது நாவற்குழிப் பாலத்தடியில் ஜீப் இருமத் தொடங்கியது. அரியாலைக்குள் வந்து, ஒரு கிடுகு வேலி வீட்டின் வாசற் படலைக்கு நேரே நின்றேவிட்டது. ரேடியேற்றர் கொதித்தது. நான் தண்ணீருக்காக வெறும் கானை எடுத்துக்கொண்டு இறங்கிப் படலைக்குப் போனேன். முற்றத்தில் ஒரு பெண் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும், வயிற்றில் ஏழு எட்டு மாதப் பிள்ளை. என்னைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். கையிலிருந்த கருவாட்டை மெல்ல வைத்தாள்.

"எந்த இடத்திலை?" என்று கேட்டாள்.

எங்கே பழுதானது என்று கேட்கிறாள் என நினைத்தேன். "பாலத்தடியிலைதான். அதிலையிருந்து இழுத்து இழுத்து வந்தது. உங்கடை வாசலுக்கு வர, நிண்டு போச்சு."

அவள் தலையை ஆட்டினாள். கருவாட்டுப் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். உள்ளே இருந்த கதிரைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தாள். பெரிய வயிற்றோடு குனிந்து முற்றத்தைக் கூட்டினாள். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவளும் ஒன்றும் கேட்காமல் உட்காருகிற வாங்கு ஒன்றைத் தூக்கிப் போட்டாள். படலையின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டார்கள். நான் கானோடு நின்றேன். ஒரு கான் தண்ணீருக்கு இவ்வளவு உபசாரமா என்று என் புத்தி கணக்குப் போட்டது.

அதற்குள் நாலைந்து ஆண்கள் வந்துவிட்டார்கள். வயதான ஒருவர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "பிள்ளை, ரண்டு பேர் பிடிச்சால் காணுமோ?"

ஜீப்பைத் தள்ள இரண்டு பேர் போதுமா என்று கேட்கிறார் என நினைத்து, "ஓம் ஐயா, பெரிய உதவி" என்றேன்.

அவர் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். புழுதிக்காக நான் என் பழைய வெள்ளைச் சேலை ஒன்றால் போர்த்துவிட்டிருந்த மகள், அந்தப் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தாள். வெளிச்சம் பட்டதும் சேலையோடு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, வீடு வந்திட்டுதோ?"

ஆண்கள் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தார்கள். முற்றத்தில் நின்ற அந்தப் பெண் அப்போதுதான் சரிந்தாள்.

அந்த வயதானவர்தான் மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னார். "உது ஆஸ்பத்திரியிலையிருந்து பிரேதம் கொண்டு வாற ஜீப் எல்லோ! இஞ்சாலை எல்லாருக்கும் தெரியும். வெள்ளையும் கட்டிக்கொண்டு வந்து நிண்டால் நாங்கள் என்னெண்டு நினைக்கிறது?" அவளுடைய புருஷன் விடிய இறால் வலையோடு பாலத்தடிக்குப் போனவன், இன்னும் வரவில்லை. நான் சொன்ன பதிலை நினைத்துப் பார்த்தேன். என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் நம்பவில்லை. "எனக்குச் சொல்லப் பயத்திலை மறைக்கிறியள், அக்கா" என்று மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பிறகு பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தாள், தண்ணீர் பருக்கினால் வெளியே வந்தது. கை குளிர்ந்துகொண்டே போனது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஏதும் ஆனால் அது என் வாயால்தான். என் கணவர் ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பாலத்தடிக்குப் பறந்தார்.

ஒரு மணித்தியாலம் அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் தெருவால் வந்த பெண்கள் ஜீப்பைக் கண்டு தலைமயிரை அவிழ்த்து ஒப்பாரி தொடங்கினார்கள். நான் ஓடிப்போய் ஒவ்வொருவராக வாயைப் பொத்தவேண்டியிருந்தது. கூரையில் கட்டியிருந்த வேட்டியை இழுத்துக் கிழித்தெறிந்தேன். இல்லாத ஒரு பிரேதத்துக்கு ஒரு வீடு முழுக்க ஆயத்தமாகிக் கிடந்தது. அப்படி ஒரு பயத்தை நான் குண்டு விழுந்தபோதும் பட்டதில்லை.

கடைசியில் என் கணவர் அந்த மனிதனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். தோளில் ஈர வலை. கையில் இறால் பறி. "என்னடியப்பா இது, கதிரையெல்லாம் வெளியிலை?" என்று அவன் கேட்டான். அவள் எழுந்து போய் அவன் முகத்தை, நெஞ்சை, இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஜீப் ஆறியிருந்தது. நாங்கள் ஏறும்போது அவள் படலை வரைக்கும் வந்தாள். கோபமில்லை. ஜீப்பின் பின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப உது ஆரின்ரை வீட்டுக்கு வந்தது, அக்கா?"

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெல்லத் தன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார், பிறகு ஓடினார். பொழுதுபட, ஜீப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

அந்த வாரமே அதை விற்றுவிட்டோம். ஆனால் இன்றைக்கும் தெருவில் அறியாத வாகனம் ஒன்று வந்து அடுத்த வீட்டு வாசலில் நின்றால், "நல்லகாலம், எங்கள் வீட்டில் இல்லை" என்று மனம் முந்திக்கொண்டு ஆறுதல்படும். தன் புருஷன் உயிரோடு கிடைத்த பிறகும், அது யாருடைய வீட்டுக்கு என்று கேட்ட அந்தப் பெண்ணை உடனே நினைத்து, நான் வெட்கப்பட்டுப் போவேன்.