செங்கேணி வைத்த பொட்டு

காவாந்தண்டலத்தில் ராக்கெட் செய்கிறார்கள், அது ஒன்று கிளம்பிப் போய் ஓர் எருமையைக் கொன்றுவிட்டது என்று உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். மூவருமே நேரில் பார்த்தவர்கள். எருமையின் நிறத்தில்தான் கருத்து வேறுபாடு. 1983-இல் எதுவும் நடக்கலாம் என்றாலும், போய்ப் பார்த்துவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

எருமை உயிரோடுதான் இருந்தது. நிலக்காரர் பஞ்சாட்சரத்தின் பழைய வேர்க்கடலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, மைதா பசை தடவிய காகிதக் குழாய் ஒன்றை மென்றுகொண்டிருந்தது.

"ராக்கெட்டு அத்த கொல்லல சார். அதான் ராக்கெட்ட துன்னுது" என்றாள் செங்கேணி, கொட்டகைக்குள்ளிருந்து, தலை தூக்காமல்.

பள்ளிப் பிள்ளைகள் ஒட்டிச் சேர்த்துப் பறக்கவிடும் பொம்மை ராக்கெட்டுகளுக்கான உதிரிச் சாமான்கள் அங்கே தயாராகின. காகிதக் குழாய், மர மூக்கு, தக்கை இறக்கை, பிளாஸ்டிக் பாராசூட், ஒரு முழம் நூல். எல்லாம் ஒரு பையில் போய், பை பெட்டிக்குள் போய், பெட்டி மெட்ராஸ் கடைக்குப் போகும். வெடிக்கிற மருந்து இங்கே கிடையாது, வெடிப்பதெல்லாம் பஞ்சாட்சரம்தான்.

செங்கேணி முன்பு அவருடைய கழனியில்தான் களை எடுத்தாள். முழங்கால் போன பிறகு இங்கே வந்தாள். கழனியில் ஆண்டை, கொட்டகையில் மொதலாளி. ஆள் ஒருவர்தான், சட்டை மட்டும் புதிது.

அவளுக்கு வந்த வினை ஆயுத பூஜையன்று வந்தது. கத்தி, கத்தரிக்கோல், பசைச் சட்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை மூக்குகளையும் விடவில்லை. பெயின்ட் ஈரம், குங்குமம் கவ்விக்கொண்டது. பஞ்சாட்சரம் கற்பூரம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெட்ராஸ் கடைக்காரர் ஒற்றிக்கொள்ளவில்லை. அத்தனை பெட்டியும் திரும்பி வந்துவிட்டது.

"வச்சவளே எடுக்கட்டும். வியாழக்கெயம லாரிக்குள்ள ஆவலன்னா களை வெட்டப் போயிடு" என்றார் பஞ்சாட்சரம். கற்பூரம் காட்டியவரைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

நான் போனது அந்த வியாழக்கிழமை. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனி வெளுத்திருந்தது; சிவப்புத் தூள் முகமெல்லாம்.

"யக்கா, உன் மூக்கையும் தேச்சிடு. அத்தயும் மெட்ராஸ்ல திருப்பிடப் போறான்" என்றாள் பக்கத்தில் நூல் வெட்டிக்கொண்டிருந்த அம்முலு.

"சிரிடி, சிரி. காலு போச்சின்னு ஒக்கார்ற வேலைக்கு வந்தேன். இப்ப கையும் போவுது. இனிமே இன்னாத்த வச்சிக்கினு களை புடுங்கறது?"

இடுப்பில் புதுக் குங்குமப் பொட்டலம் ஒன்றைச் செருகியிருந்தாள். பூஜையன்று வைத்தது பக்கத்து வீட்டுப் பவளத்திடம் கடன் வாங்கிய குங்குமம். ஒரு சிமிழ் நிறைய. திருப்பித் தரச் சொல்லிப் பவளம் தினமும் குழாயடியில் மானத்தை வாங்குகிறாளாம். "இன்னிக்கி குடுத்துட்டா ஒரு பேஜார் உட்டுது சார்."

லாரி வந்தபோது கடைசி மூக்கும் பைக்குள் போயிருந்தது. பஞ்சாட்சரம் சிலவற்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். பொட்டு இருந்த சுவடில்லை. "ம். நாளைக்கி வந்துடு" என்றார். செங்கேணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். பஞ்சாட்சரம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு வாட்டி திரும்பி வந்த சரக்கு. சும்மா அனுப்பக் கூடாது. செங்கேணி, குங்குமம் கீதா?"

அவள் அவரைப் பார்த்தாள். நாளைக்கு வரச் சொன்ன வாய் அது. பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

பெட்டிக்குப் பெட்டி ஒரு பொட்டு. லாரியின் இரண்டு விளக்குகளுக்கும் பெரிதாக. மீதியைக் காற்று கொண்டுபோனது.

"பொட்டி மேலதான வக்கிறேன்? சாமான் மேலயா வச்சேன்?" என்றார், யாரும் கேட்காமலே.

பஸ்ஸுக்கு நான் அவளோடுதான் நடந்தேன். குழாயடியில் பவளம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வழியை மறித்துக் கையை நீட்டினாள்.

"இன்னாடி, எங்க என் குங்குமம்?"

"மெட்ராஸுக்குப் போயிகினு கீது."

"ராக்கெட்டுலயா?"

"லாரில" என்று சொல்லிவிட்டு, செங்கேணி முழங்காலைப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் திரும்பினாள். பவளம் நீட்டிய கையை மடக்கவில்லை.